சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்கைத் தட்டாதீர்கள்

போன மாசியில், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், காமன்-ரதி கதையை ஆடிப்பாடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஒரு தம்பி கடைக்கு வந்தான். ஜெர்க்கின் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் ‘டொக்’கென்று வைத்தான்.

“ரெண்டு தட்டு தட்டினா ஓப்பன் ஆகுதுண்ணே. கொஞ்ச நேரத்துல மறுபடி நின்னுருது.”

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வாரமாம். இரண்டு வாரமும் தினமும் தட்டித் தட்டித் திறந்து, ஒவ்வொரு வீடியோவாகப் போட்டுப் பார்த்து, பென்ட்ரைவில் ஏற்றப் பார்த்திருக்கிறான். உள்ளே இருந்தது 2011இல் அவனுடைய மாமா வீடியோ பிடித்த காமன் கூத்து, மூன்று இரவு. அதில் பாடுகிற வாத்தியார் இறந்து ஆறு வருடமாகிறது. அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை. இதைச் சொல்லும்போதும் அவன் விரல் டிஸ்க்கின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து நகர்த்தினேன்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் எனக்குச் சின்னக் கடை. போட்டோ, போட்டோகொப்பி, போன் ரீலோட், அப்புறம் கம்பியூட்டர் திருத்துவது. மாதத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க்காவது இந்த நிலையில் வந்து சேரும். கலியாண ஆல்பம், சடங்கு வீடியோ, உயர்தரம் படிக்கிற பிள்ளையின் நோட்ஸ், கோயில் திருவிழாக் கணக்கு என்று எல்லாம் அதற்குள் இருக்கும். தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுப்பேன். அதையே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் வாய்விட்டுச் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஆயுள் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கிற அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் முழுக் கணக்கும். ஒரு வீடியோவைத் திறந்து பார்ப்பது செலவு. போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் குட்டி உருவம் தயாரிக்க உள்ளே ஓடும், அதுவும் செலவு. வைரஸ் ஸ்கேன் தானாகக் கிளம்பினால் பெரிய செலவு. அந்தத் தம்பி இரண்டு வாரமாகக் காசை எண்ணாமல் செலவழித்திருந்தான்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். காதை ஒட்ட வைக்க வேண்டாம், கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் போதும். நல்ல டிஸ்க் சுற்றும்போது மெல்லிய ‘ம்ம்ம்’ சத்தம் வரும். படிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் ‘கிறுகிறு’ என்னும். அது பிரச்சினை இல்லை. ஒரே இடைவெளியில் ‘டிக்… டிக்… டிக்…’ என்று ஐந்தாறு தடவை அடித்து, சுற்று நின்று, திரும்பத் தொடங்கினால் உள்ளே படிக்கிற முனை இடம் தெரியாமல் அலைகிறது என்று அர்த்தம். ‘கர்ர்’ என்று உரசுகிற சத்தம் அதைவிட மோசம். இந்த இரண்டில் எது கேட்டாலும் கரண்டை எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எதுவும் அந்த டிஸ்க்குக்கு உதவாது. தூசி வடிகட்டிய அறை வைத்திருக்கும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். சும்மா பார்த்துச் சொல்வதற்கே கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வீட்டில் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கிற முனை, எல்லாம் பதிந்திருக்கும் வட்டத் தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுற்றுகிற வேகத்தில் உண்டாகும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சிகரெட் புகையின் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. நம் ஊரில் கதவைத் திறந்தால் பனிமூட்டமே உள்ளே வருகிறது.

காற்றில் மிதக்கிறது என்றதும் இன்னொரு கேள்வி வரும். மலையில் காற்று ஐதாக இருப்பதால்தான் டிஸ்க் சீக்கிரம் போகிறதா என்று நுவரெலியாக்காரர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சாதாரண டிஸ்க்குகளை ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரை ஓட்டலாம் என்று வைத்துத்தான் செய்கிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர். நாட்டின் உச்சியான பீதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். அதனால் உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். ஈரத்தின் மேல் போடலாம். தை மாதக் குளிரில் பையில் கொண்டுவந்த டிஸ்க்கை அடுப்படிப் பக்கம் வைத்து உடனே கரண்ட் கொடுத்தால், வெளியிலிருந்து வந்தவரின் மூக்குக்கண்ணாடி மாதிரி அதன் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். பையோடு ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் இணையுங்கள். ஃபிரிஜ்ஜுக்குள் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உலாவுகிறதே, அதையும் இதே காரணத்தால் மறந்துவிடுங்கள். குளிர்ந்து வெளியே வந்ததும் அது பிடிக்கிற முதல் பொருள் தண்ணீர்தான்.

இனி நான் செய்த பிழை. 2013இல் என் தங்கையின் கலியாணப் படங்கள் இருந்த டிஸ்க் மெதுவாகத் தொடங்கியது. விண்டோஸில் செக்டிஸ்க் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கெட்ட இடங்களையும் தேடித் திருத்து என்று சொல்லி இரவில் ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ‘ஃபவுண்ட்.000’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயரில்லாத துண்டு துண்டான கோப்புகள். மத்தியானம் டிஸ்க்கே போய்விட்டது. செக்டிஸ்க் பார்ப்பது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துகிற வேலை. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஒழுங்குபடுத்த அது டிஸ்க்கின் மேல் எழுதும், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முட்டும். இரண்டுமே சாகிற டிஸ்க்குக்கு விஷம். தங்கை இன்று வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ‘இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

டிக் டிக் இல்லை, டிஸ்க் கம்பியூட்டரில் தெரிகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது, நடுவில் தொங்குகிறது என்றால் வேலை தொடங்கலாம். நிலைமையை ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதன் அட்டவணையில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். டிஸ்க்கில் எழுதிவைக்கும் சின்னச் சின்ன இடங்களைச் செக்டர் என்பார்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது பரிசோதித்தும் படிக்க முடியாதவை. கடைசி நிரலில் உள்ள எண் பதினாறின் அடிமானத்தில் காட்டப்படும், அதனால் 10 என்றிருந்தால் 16 என்று பொருள். சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு வயது முடிகிறது. இந்த மூன்றும் பூச்சியமாக இருந்து சி7 மட்டும் ஏறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் வயர்தான் கோளாறு, மாற்றிப் பாருங்கள். அந்தத் தம்பியின் டிஸ்க்கில் சி5 எண் நாலு இலக்கத்தில் நின்றது.

தேவையான சாமான்கள் இவை. பழையதற்குச் சமமான அல்லது பெரிய புது டிஸ்க். 500 ஜிபி என்று ஒட்டியிருக்கும் இரண்டு டிஸ்க்குகள் பைட் கணக்கில் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம், நான் எப்போதும் ஒரு படி பெரியதாக 1 டிபியே வாங்கச் சொல்வேன். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்பியூட்டரை எழுப்புகிற, சிஸ்டம்ரெஸ்க்யூ என்கிற லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்ட்ரைவ். ரூஃபஸ் என்ற மென்பொருளால் அதை ஏற்றலாம். பிறகு இன்னொரு பென்ட்ரைவ், இது வெறுமையாக. இந்த இரண்டாவது பென்ட்ரைவ் எதற்கென்று பிறகு சொல்கிறேன், ஆனால் அதை விட்டுவிட்டால் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற யூபிஎஸ் இருந்தால் நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்குகிற ஊர் இது, அந்த மாதங்களில் இரவிலோ விடியற்காலையிலோ வேலையைத் தொடங்குங்கள்.

பழைய டிஸ்க் பிளாஸ்டிக் பெட்டிக்குள் யூஎஸ்பி வயரோடு இருந்தால், முடிந்தால் பெட்டியிலிருந்து கழற்றி, மேசைக் கம்பியூட்டரின் சாட்டா வயரில் நேரடியாக மாட்டுங்கள். நடுவிலிருக்கும் யூஎஸ்பி பலகைகள் பல, படிக்க முடியாத செக்டர் வந்ததும் டிஸ்க்கையே கைவிட்டுவிடும். ஆனால் கவனம்: சில பெட்டிகளில் யூஎஸ்பி துளை டிஸ்க்கின் பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும், கழற்ற இடமில்லை. வேறு சிலவற்றில் அந்தப் பலகைதான் எல்லாவற்றையும் பூட்டி எழுதுகிறது, பலகையை எடுத்தால் உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத் தெரியும். அப்படியானால் பெட்டியோடேயே வேலை செய்யுங்கள். தம்பியின் டிஸ்க் நல்லவேளையாகக் கழன்றது. கழற்றிய பிறகு மார்க்கரால் அதன் மேல் ‘தட்டாதே’ என்று எழுதினேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம்.

அடுத்தது கலர் டேப். பழையதற்குச் சிவப்பு, புதியதற்குப் பச்சை. சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வேலையில் மீளவே முடியாத ஒரே பிழை, எது எங்கே போகிறது என்பதை மாற்றி அடிப்பதுதான். வெறும் புது டிஸ்க்கைப் பழையதன் மேல் ஏற்றிவிட்டால் கொழும்பு போனாலும் திரும்ப வராது.

கம்பியூட்டரைப் பென்ட்ரைவிலிருந்து எழுப்புங்கள். எழும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப், கம்பனிக்குக் கம்பனி மாறும். கறுப்புத் திரையில் எழுத்து ஓடி நின்றதும் இதை அடியுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மொடல்,சீரியல்

காற்புள்ளிக்குப் பக்கத்தில் இடைவெளி விடாதீர்கள். இணைத்திருக்கும் டிஸ்க் எல்லாம் வரிசையாக வரும்: எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று. இப்போது எழுந்து போய் இரண்டு டிஸ்க்கின் மேலும் ஒட்டியிருக்கும் லேபளில் சீரியல் எண்ணைப் பாருங்கள். நான் தம்பியை வாசிக்கச் சொன்னேன். அவன் சிவப்பு டேப்பைப் பார்த்துக் கடைசி நாலு எழுத்தை வாசிக்க, நான் திரையில் விரல் வைத்தேன். எஸ்டிபி. பச்சை எஸ்டிசி. அதை ஒரு காகிதத்தில் எழுதி விசைப்பலகைக்கு மேல் ஒட்டினோம். நாளைக்கு மறுபடி எழுப்பும்போது இந்த எழுத்துகள் இடம் மாறலாம், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாருங்கள். நேற்று எஸ்டிபிதானே என்று அடிக்காதீர்கள்.

வெறும் பென்ட்ரைவை இணைத்தால் எஸ்டிடி1 என்று தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வாசல் திறக்க வேண்டும்:

எம்கேடிர் /எம்என்டி/பென்
மவுண்ட் /டெவ்/எஸ்டிடி1 /எம்என்டி/பென்

இனிதான் நாயகன். டிடிரெஸ்க்யூ என்று பெயர். ஆங்கிலத்தில் டி, டி, ஆர், ஈ, எஸ், சி, யூ, ஈ, எட்டு எழுத்தும் ஒட்டி. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. இது செய்கிற காரியத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சாதாரணமாகக் கொப்பி பண்ணும்போது கம்பியூட்டர் ஒன்றிலிருந்து நூறு வரை வரிசையாகப் போகும். முப்பதில் கெட்ட இடம் வந்தால் அங்கேயே நின்று முட்டும், முட்டும், கடைசியில் பிழை என்று கை கழுவும். முப்பத்தொன்று முதல் நூறு வரை நன்றாக இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது. டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் வழுக்குப் பாறை ஓரத்துச் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்களா? நிரையில் கைக்கு எட்டுவதையெல்லாம் முதலில் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, பாறை ஓரத்தைக் கடைசியில் பார்ப்பார்கள். அதேதான். கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போகும், தாண்டிய இடத்தைக் குறித்து வைக்கும். நல்ல இடமெல்லாம் புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்த பிறகு குறித்த இடங்களுக்குத் திரும்பும். நடுவில் டிஸ்க் செத்தாலும் பெரும்பகுதி ஏற்கனவே உங்கள் கையில்.

அந்தக் குறிப்புப் புத்தகத்துக்குத்தான் இரண்டாவது பென்ட்ரைவ். மேப் கோப்பு என்பார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் ஒரு ஸ்டூடியோக்காரரின் டிஸ்க்கை ஓட விட்டிருந்தேன். மேப் கோப்பை வேறு எங்கும் வைக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த லினக்ஸுக்குள்ளேயே வைத்தேன். அது இருப்பது முழுக்க ரேமில், கரண்ட் போனால் அழிந்துவிடுகிற நினைவகத்தில். யூபிஎஸ் பத்து நிமிடம் கத்தியது, நான் டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் எல்லாம் இருட்டு. எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க, அந்த டிஸ்க் இரண்டாம் தடவை பாதி வழிதான் வந்தது. எங்கள் ஊரிலேயே மேல் கொத்மலை அணை, மின்சாரத்துக்கென்றே கட்டியது. ஆனாலும் நாங்கள் மெழுகுதிரியோடு.

முதல் ஓட்டம் இது:

டிடிரெஸ்க்யூ -எஃப் -என் /டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிசி /எம்என்டி/பென்/கூத்து.மேப்

முதலில் வருவது பழையது, இரண்டாவது புதியது, மூன்றாவது குறிப்புப் புத்தகம். எஃப் என்றால் ‘புது டிஸ்க்கில் இருப்பதன் மேல் எழுதப் போகிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்’ என்று அர்த்தம். என் என்றால் ‘கெட்ட இடத்தைச் சுரண்டாதே, இப்போதைக்குத் தாண்டிப் போ’. என்டர் தட்டுவதற்கு முன் காகிதத்தை ஒரு முறை, திரையை ஒரு முறை. போனில் சொல்லும்போது இந்த இடத்தில் எதிர்முனையில் இருப்பவரைக் கட்டளை முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன்.

ஓடத் தொடங்கியதும் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மீட்டது, இப்போதைய வேகம், எத்தனை கெட்ட பகுதி, எத்தனை சதவீதம், கடைசியாக எப்போது நல்ல செக்டர் கிடைத்தது. அதில் நான் பார்ப்பது கடைசியில் சொன்னதைத்தான். அது பூச்சியத்தில் நின்றால் டிஸ்க் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நிமிடக்கணக்கில் ஏறினால் எங்கோ சிக்கியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்று, டிக் டிக் சத்தமும் தொடங்கினால் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்துங்கள். பயப்பட வேண்டாம், குறிப்பு பென்ட்ரைவில் இருக்கிறது. சத்தம் நின்றிருந்தால், அதே கட்டளையை எழுத்து மாறாமல் திரும்ப அடித்தால் விட்ட இடத்திலிருந்து போகும்.

தம்பியின் டிஸ்க்கை இரவு எட்டு மணிக்குத் தொடங்கினேன். நொடிக்கு 70, 75 எம்பி வேகம். ஆரோக்கியமான 500 ஜிபி டிஸ்க் என்றால் இந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஒன்பதரைக்கு வேகம் எம்பியிலிருந்து கேபிக்கு விழுந்தது. தாண்டியது, கொஞ்சம் ஓடியது, மறுபடி விழுந்தது. தம்பி கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். கடைசி பஸ் போய்விடும் என்று நான்தான் விரட்டினேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மாடியில்தான் படுக்கிறேன், யூபிஎஸ் கத்துவது கேட்டு இறங்கி வந்து கன்ட்ரோல் சி அடித்து, முறையாக மூடினேன். காலையில் மறுபடி எழுப்பி, எழுத்துகளைச் சரிபார்த்து, வாசலைத் திறந்து, அதே கட்டளை. பதினொரு மணிக்கு முதல் ஓட்டம் முடிந்தது: 99.91 சதவீதம். மிச்சம் 450 எம்பி அளவு.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடலாம். ஆல்பப் படங்கள் மட்டும் என்றால் நானே நிறுத்தியிருப்பேன், அந்த 450 எம்பி எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு. ஆனால் இதில் அந்தக் குரல். அதனால் இரண்டாவது ஓட்டம்:

டிடிரெஸ்க்யூ -டி -எஃப் -ஆர்3 /டெவ்/எஸ்டிபி /டெவ்/எஸ்டிசி /எம்என்டி/பென்/கூத்து.மேப்

டி என்றால் நடுவில் யாரையும் வைக்காமல் டிஸ்க்கை நேரடியாகக் கேள். ஆர்3 என்றால் கெட்ட செக்டர் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டுப் பார். இது அவசரப்படாத வேலை. இரண்டு இரவு ஓடியது. பகலில் நிறுத்தி டிஸ்க்கை ஆற விட்டேன். மூன்றாம் நாள் காலை மிச்சம் 6 எம்பிக்கு வந்திருந்தது. இன்னும் பிடிவாதம் இருந்தால் பெரிய எழுத்து ஆர் ஒன்றையும் சேர்க்கலாம், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிக்கும். முன்னால் போகும்போது கிடைக்காத சில செக்டர்கள் பின்னால் வரும்போது கிடைப்பதுண்டு.

ஓட்டம் முடிந்ததும் கம்பியூட்டரை நிறுத்தி, சிவப்பு டேப் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டையும் மாட்டியபடி விண்டோஸை எழுப்பக் கூடாது. இரண்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண், அதனால் விண்டோஸ் ஒன்றைப் படுக்க வைத்துவிடும். மற்றதன் மேல் எதையாவது எழுதியும் வைக்கும். பச்சையை மட்டும் மாட்டி எழுப்புங்கள். செக்டிஸ்க்கை ஓட்டுவதென்றால் இப்போது, இந்தக் கொப்பியில் ஓட்டலாம். என்ன ஆனாலும் மூலம் தனியாக இருக்கிறது. 1 டிபி டிஸ்க் வாங்கியிருந்தால் பாதி காலியாக, பெயரில்லாமல் கிடக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய பகுதியை நீட்டிவிடலாம். மொத்தம் 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். கம்பனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டுப் போட்ட லெப்டொப் என்றால் கொப்பியும் பூட்டித்தான் இருக்கும், 48 இலக்கச் சாவியை இப்போதே தேடி வையுங்கள்.

எந்தக் கோப்பு அடிபட்டது என்று எப்படித் தெரியும்? டிடிரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது. மீட்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் சொல்கிற ஒரு சொல்லைக் கொப்பியில் எழுதச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று தேடினால் பட்டியல் கிடைத்துவிடும். இதை நிரப்பும் முறை என்பார்கள். புது டிஸ்க்கில்தான் எழுதுகிறது, ஆனாலும் கட்டளையில் ஒரு எழுத்து பிசகினால் நல்லதன் மேலும் எழுதிவிடும், முதல் தடவை செய்கிறவர்கள் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணால் பாருங்கள். அடிபட்ட போட்டோ பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிடும். வீடியோவில் சதுரம் சதுரமாக உடையும்.

மூன்று இரவில் முதல் இரவு முழுசாக வந்தது. இரண்டாம் இரவில் பதினொரு இடத்தில் படம் சதுரமாக உடைகிறது, குரல் போகவில்லை. மூன்றாம் இரவில், ரதி புலம்பும் இடத்தில், தப்பு மேளம் ஓய்ந்து வாத்தியார் தனிக் குரலில் இழுக்கிற ஒரு வரியின் நடுவே நாலு விநாடி மௌனம். தம்பியின் அம்மா கடையில் நின்று அதைக் கேட்டார். அந்த நாலு விநாடியை அவரே வாய்க்குள் பாடி நிரப்பிக்கொண்டார். தம்பி அதைத் தன் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

கொப்பி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. தம்பியிடம் ஒன்று, வவுனியாவில் அவனுடைய சித்தி வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று. என்னிடம் இருப்பது லென்ஸ் வைக்கிற டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு. பூஞ்சை லென்ஸை மட்டும்தான் பிடிக்கும் என்றில்லை. பழைய டிஸ்க்கை எறியச் சொன்னான். எறியவில்லை. மழைக்காலம் முடியட்டும், பெரிய எழுத்து ஆர் போட்டுப் பின்பக்கமிருந்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கூத்து.மேப் அப்படியே அந்தப் பென்ட்ரைவில் இருக்கிறது.